ரூபாய் காகிதமாகிவிடும் என்று நான் சொன்னது

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக நம் பேங்குக்கு வந்திருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். “சார், ரூவாய்க்க மதிப்பக் கொறச்சிட்டாவ. பணம் போட்டவிய எல்லாம் வந்து இனி என்ன செய்யட்டும்னு கேக்காவ. நாங்க என்ன சொல்லதுக்கு?” என்று கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். நின்ற நிலையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. அதே கேள்வியை முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் என்னிடம் கேட்டார்கள். அப்போது நின்ற நிலையிலேயே பதில் சொன்னேன். அதனால் கருங்கல்லில் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரப் பார்த்தது. அதை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட ஆளாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றில் எனக்குப் பத்தொன்பது வயது. கோட்டாற்றில் ஒரு மொத்த மளிகைக் கடையில் எழுத்து வேலை. அப்போது தூத்துக்குடியிலிருந்து வந்துபோகும் தரகர் ஒருவர் ஜெர்மனியின் மார்க் நோட்டுகளை விற்றுக்கொண்டிருந்தார். உலகச் சண்டைக்கு முன்னால் ஒரு மார்க் முக்கால் ரூபாய் பெறுமாம். இப்போது ஒரு ரூபாய்க்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. ஜெர்மன்காரன் எழுந்து நிற்காமலா போவான், அன்றைக்கு நீ கோட்டாற்றையே விலைக்கு வாங்கலாம் என்றார் அவர். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தங்கை பொன்னம்மாளின் கல்யாணத்துக்காக அம்மா சேர்த்த எண்பது ரூபாய் என் பெட்டியில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் முழுவதையும் கொடுத்து நோட்டுக்கட்டு வாங்கினேன்.

ஜெர்மன்காரன் எழுந்து நிற்கவில்லை. சில மாதங்களில், அந்த ஊரில் ஒரு ரொட்டிக்கு ஒரு வண்டி நோட்டு வேண்டும் என்று பத்திரிகையில் வந்தது. பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் போனார்கள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பொன்னம்மாள் மட்டும் ஒருநாள் ஒரு நோட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எம்புட்டு அழகா அச்சடிச்சிருக்கான். பொறவு எதுக்கு அண்ணே மதிப்பில்ல?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து, நான் கடையிலும் இரண்டு வீடுகளிலும் எழுதிச் சம்பாதித்து, அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. ஆனால் காகிதத்தில் அச்சடித்த பணம் என்றால் எனக்குள் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஒருவன்தான் பிறகு கோட்டாற்றிலேயே நம் பேங்கில் வேலைக்குச் சேர்ந்தான்.

முப்பத்தொன்றாம் ஆண்டு. நெல் விலை விழுந்து கிடந்தது. பூதப்பாண்டிப் பக்கம் பத்தாயம் நிறைய நெல் வைத்திருந்தவர்களும் நிலவரி கட்டப் பணமில்லாமல் தவித்தார்கள். அந்த நேரத்தில் இங்கிலாந்து தன் நாணயத்துக்கு இனித் தங்கம் தரமாட்டேன் என்று அறிவித்துவிட்டது. நம் ரூபாய் அந்த நாணயத்தோடு கட்டப்பட்டிருந்தது. சில நாட்கள் பிரிட்டிஷ் இந்தியாவில் பேங்குகளே மூடிக் கிடந்தன. கோட்டாற்றுக் கடைத்தெருவில் அரிசி வாங்க வந்தவர்கள்கூட இதையே பேசினார்கள்.

எங்கள் மானேஜர் அன்று காலையில் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே ஒரு விஷயம். “வே, யாராவது வந்து கேட்டா அவிய வீட்டப் பத்திக் கேளும். லோகத்தப் பத்திப் பேசாதேயும். லோகம் நமக்குத் தெரியாது.” நான் தலையாட்டினேன். மனசுக்குள், இந்த மனுஷனுக்கு மார்க் நோட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். பயத்தில் இருப்பவனுக்குத் தான் மற்றவர்களைவிடத் தெளிவாகப் பார்ப்பதாகத் தோன்றும். இதை நான் மிகவும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்த சில நாட்களில் எஸ்தர் டீச்சர் வந்தார்.

கருங்கல்லுக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். கணவர் யோசுவா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. மூன்று பெண்குழந்தைகள். பஸ் தூசி படிந்த சேலையை உதறிவிட்டு உட்கார்ந்து, கணவரின் கடிதத்தை என் முன்னால் வைத்தார். தேயிலை விலை போய்விட்டது, தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குள் தானும் வந்துவிட வேண்டியதிருக்கும் என்று எழுதியிருந்தார்.

“மாசாமாசம் வாற பணம் நிக்கப்போவுது அண்ணாச்சி. எனக்குச் சம்பளம் பதினஞ்சு ரூவா. இஞ்ச நானூத்தி இருவது ரூவா போட்டிருக்கு. வீட்டில பதினொண்ணு பவுன் நகை இருக்கு. ரூவாய்க்கு மதிப்பு போவுதுன்னு ஊரெல்லாம் பேச்சு. என்ன செய்யலாம்?”

மானேஜர் சொன்னது என் நினைவுக்கே வரவில்லை. “டீச்சரம்மா, நானூத்தி இருவதையும் இன்னைக்கே எடுங்க. எடுத்து பவுனா வாங்கிப்போடுங்க. ரூவா காயிதமாயிரும். நான் கண்ணால கண்டவன்” என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். பேங்கில் இருந்துகொண்டு பணத்தை எடுக்கச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்ற பெருமையும் இருந்தது.

அவர் உடனே எழுந்துவிடவில்லை.

“ரூவா காயிதமாவும்னா நெல்லு வெல ஏறணும்லா? நெல்லு எறங்கிக்கிட்டுல்லா இருக்கு. போன வருசம் ஒரு ரூவாய்க்கு வாங்குனதவிட இப்ப கூடுதல் அரிசி கிடைக்கு. பொறவு ரூவாய்க்கு எப்படி மதிப்பு போச்சுன்னு சொல்லுதாவ?”

தங்கத்துக்கு முன்னால் ரூபாய் சிறுத்துக்கொண்டும், அரிசிக்கு முன்னால் அதே ரூபாய் பெருத்துக்கொண்டும் இருந்தது. பொன்னம்மாளின் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்ற அதே இடத்தில் மறுபடியும் நின்றேன். ஆனால் இப்போது எனக்கு இருபத்தேழு வயது, கோட்டுப் போட்டிருந்தேன். “அதெல்லாம் பெரிய எடத்து விசயம் டீச்சரம்மா. உங்களுக்கு வெளங்காது” என்று சொல்லிவிட்டேன்.

“எனக்கு வெளங்காதத வச்சு நான் எப்படிப் பணத்த எடுக்கதுக்கு?” என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். பணத்தை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கோபத்தில் நான் செய்த வேலைதான் பெரிய தப்பு. பேங்குக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் மாலை வேளைகளில் கூடுகிறவர்களிடம் என் மார்க் நோட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ரூபாய்க்கும் அதே கதிதான் என்று முடிப்பேன். பேங்க் ஆள் சொல்கிறான் என்பதால் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்கிறவர்கள் கூடக்கூட, கதையும் கொஞ்சம் வளர்ந்தது. அங்கே கொப்பரைத் தரகர்கள் இருந்தார்கள். அவர்கள் காலையில் கருங்கல் சந்தைக்குப் போகிறவர்கள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

டிசம்பரில் டீச்சர் மறுபடியும் வந்தார். இதற்குள் பவுன் விலை பதின்மூன்று சொச்சத்திலிருந்து பதினேழைத் தாண்டியிருந்தது. வெளியூர் ஆட்கள் தெருத்தெருவாக வந்து தங்கம் வாங்கினார்கள். அடகு வைத்த நகையைத் திருப்பி அப்படியே விற்றுவிட்டுப் போவோரின் கூட்டம் எங்கள் வாசலில் நின்றது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரைப் பார்த்ததும், “பாத்தியளா? சொன்னேன்லா? இனி இதுக்கு மேல ஏறாது. பதினொண்ணு பவுனையும் இன்னைக்கே வித்துருங்க” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

“அண்ணாச்சி, போன தடவ வாங்கச் சொன்னிய. இந்தத் தடவ விக்கச் சொல்லுதிய. எனக்க வீடு ரெண்டு தடவையும் ஒரே எடத்திலதான் இருக்கு.”

அதில் கேலி இல்லை. அதனால்தான் நன்றாகச் சுட்டது.

பிறகு தான் வந்த விஷயத்தைச் சொன்னார். வீட்டை ஒட்டி அவர்களுக்கு நாற்பது சென்ட் தோப்பு. தென்னையும் பலாவும் மரச்சீனிக் கிழங்கு போட இடமும் உண்டு. யோசுவா இலங்கை போவதற்காக அதை ஊரிலுள்ள கொப்பரை வியாபாரி தங்கையா நாடாரிடம் முந்நூறு ரூபாய்க்கு ஒற்றி வைத்திருந்தார். வட்டி கிடையாது, பணத்தைத் திருப்பித் தரும்வரை தோப்பின் விளைச்சல் அவருக்கு. தைப் பிறப்புக்குள் திருப்பாவிட்டால் இன்னும் மூன்று வருடம் அவர் கையில்தான் என்பது பேச்சு.

“நகையில ஆறு பவுன் நான் போடதில்ல. அத வித்தா சேதாரம் போக நூறு ரூவா வரும். இஞ்ச உள்ளதில இருநூறு எடுத்தா தோப்பத் திருப்பிரலாம். மீதி இருநூத்தி இருவது ஒரு வருசத்துச் செலவுக்குக் கிடக்கட்டும். அஞ்சு பவுன் பிள்ளையளுக்கு. ரூவா செல்லலன்னாலும் மரச்சீனி வேகும். பவுன் எறங்குனாலும் தேங்கா விழும். தோப்புல வண்டு விழுந்தா ரூவா இருக்கு. எனக்கு எது நிக்கும் எது விழும்னு தெரியாது. அதனால மூணு எடத்தில வைக்கேன்.”

இவ்வளவு நாள் நான் உலகத்தைப் பற்றி ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் தன் வீட்டில் யார் யார் சாப்பிட வேண்டும், எப்போது எதற்குச் செலவு வரும் என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறார். மானேஜர் சொன்னதும் அதுதானே.

“பொறவு என்ன டீச்சரம்மா, நல்ல ஏற்பாடுல்லா” என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. “தங்கையா மொதலாளி ரூவா வாங்கமாட்டேன்னுட்டாரு. அவரு குடுத்தப்ப முந்நூறு ரூவான்னா இருவத்திரண்டு பவுன், அதனால இருவத்திரண்டு பவுனாக் கொண்டு வா, இல்லன்னா தோப்ப மறந்துருங்காரு. நான் இருவத்திரண்டுக்கு எங்க போவேன்? இருக்க பதினொண்ணையும் குடுத்து, மீதிக்கு இருநூறு ரூவாய்க்குப் பவுன் வாங்கிக் குடுத்தாத்தான் ஒப்பும். அப்படிக் குடுத்தா பிள்ளையளுக்க அப்பா கப்பல் எறங்கி வாற அன்னைக்கு வீட்டில ஒரு பொட்டுப் பவுன் இருக்காது.” பார்வையை மேஜைமேல் இறக்கினார். “எதுக்கு இப்படிக் கேக்குதியன்னு கேட்டேன். கோட்டாத்துல பேங்கில உள்ள ஆளே சொல்லுதாராம், ரூவா காயிதமாவுதுன்னு.”

அவர் என்னைக் குற்றம்சாட்டவில்லை. பார்வையை மேஜைமேலேயே வைத்திருந்தார். என் கையில் பேனா இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். எட்டு வருடத்துக்கு முன்னால் தங்கையின் கல்யாணத்தை நிறுத்தினேன். இப்போது யாரோ ஒருவரின் தோப்பை.

டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டு மானேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பிக் கடையையும் மறைக்கவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டார்.

“டீச்சருக்கு இத யாரு சரிசெய்து குடுக்கப்போறா?” என்று கேட்டார்.

“கோர்ட்டுக்குப் போனா...”

“கோர்ட்டு முடியதுக்கு மூணு வருசம் ஆவும். தை பொறக்கதுக்கு மூணு வாரம் இருக்கு. நீரு சொன்ன வார்த்த கருங்கல் வரைக்கும் நடந்து போயிருக்கு. நீரும் போவும். ஞாயித்துக்கிழம, உம்ம கைக்காசில. சந்தையில பத்துபேரு முன்னால நின்னு சொன்னதத் திரும்ப எடும். எடுத்தப்பொறவு வந்து சொல்லும், உமக்க வேலையப் பத்திப் பேசலாம்.”

நான் கதவைத் தாண்டும்போது கூப்பிட்டார். “வே, அந்த மொதலாளிகிட்ட ரூவா ஏறும் எறங்கும்னு வாதாடாதேயும். அவருக்கு எதில பயம்னு மட்டும் கேளும்.”

ஞாயிற்றுக்கிழமை கருங்கல்லில் இறங்கியபோது ஆராதனை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் வெள்ளைச் சேலையில் சர்ச் வாசலில் நின்றார். பக்கத்தில் ஒல்லியாக, காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்போல ஒருவர். முந்தாநாள்தான் யோசுவா வந்திருந்தார். என் கையைப் பிடித்து, “கோட்டாத்துல இருந்து எங்களுக்காக வந்தியளா?” என்றார். அவருக்கு என் பங்கு தெரியாது. டீச்சர் சொல்லவில்லை. நானே சொன்னேன். கையை விடவில்லை அவர். ஆனால் பிடி தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

தங்கையா நாடாரின் கொப்பரைக் களத்தில் பத்துப் பதினைந்து பேர் கூலிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பருத்த ஆள். குரல் மெலிந்தது. என்னைப் பார்த்ததும் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “இந்தா, பேங்குக்காரரே வந்துட்டாரு. கேளுங்க இவர்ட்ட. ரூவா செல்லுமா செல்லாதா?”

அத்தனை கண்களும் என்மேல் விழுந்தன. தப்பித்துக்கொள்ள நல்ல வழிகள் இருந்தன. நான் அப்படிச் சொல்லவில்லை, தரகர் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மையும்கூட.

“நாந்தான் சொன்னேன் மொதலாளி. ரூவா காயிதமாவும்னு சொன்னேன். அது எனக்குத் தெரிஞ்சு சொன்னதில்ல. பயந்து சொன்னது.” பிறகு மார்க் நோட்டுக் கதையைச் சொன்னேன். காப்பிக் கடையில் சொன்ன மாதிரி அல்ல. தங்கையின் கல்யாணப் பணத்தைத் திருட்டுத்தனமாக எடுத்ததை, அம்மா பேசாமல் இருந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பகுதியை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. “அந்த நாட்டில ஒரே வருசத்தில எல்லாச் சாமானும் கோடிக்கணக்குக்கு ஏறிச்சு. இஞ்ச நெல்லு எறங்குது, கொப்பரை எறங்குது. ரெண்டும் ஒண்ணு இல்ல. இத எனக்குச் சொல்லித் தந்தது இந்த டீச்சரம்மா. நான் அப்ப கேட்கல.”

தங்கையா நாடார் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “அப்ப காயிதமாவாதுன்னு உறுதி சொல்லுதியரா?”

உறுதி சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் இன்னொரு ஆரூடம் ஆகியிருக்கும். “உறுதி சொல்ல என்னால முடியாது மொதலாளி. உங்களுக்கு எதில பயம்?”

அவர் எதிர்பார்க்கவில்லை. குரல் இன்னும் மெலிந்து வந்தது. “எனக்குப் படிப்பு கிடையாது வே. நோட்டில என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. எவனாவது நாளைக்கு இது செல்லாதுன்னா நான் என்னத்தக் காட்டிச் சண்ட போடதுக்கு?”

அவரை அதுவரை பேராசைக்காரர் என்று நினைத்திருந்தேன். என்னைப்போலவே அவரும் பயந்திருந்தார்.

அப்போது எஸ்தர் டீச்சர் முன்னால் வந்தார். “மொதலாளி, இவியளுக்கு இன்னைக்குக் கூலி எதில குடுப்பிய? பவுன்லயா?”

கூலிக்கு நின்றவர்களில் ஒரு தென்னையேறி உரக்கச் சிரித்துவிட்டார். “பவுனாத் தாரும் மொதலாளி, நாங்க வேண்டாங்கல!” எல்லோரும் சிரித்தார்கள். தங்கையா நாடாருக்கும் அடக்க முடியவில்லை.

“பிள்ளே, நீ வாத்திச்சிதான்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “காயித நோட்டு எனக்கு வேண்டாம். வெள்ளி ரூவாயாக் கொண்டு வாங்க. முந்நூறும் வெள்ளி. கையில எடுத்தா கனக்கணும், தட்டுனா சத்தம் கேக்கணும். தோப்பத் தாரேன்.”

வெள்ளி ரூபாயானாலும் காகித ரூபாயானாலும் அன்று மதிப்பு ஒன்றுதான். அதை அங்கே விளக்க ஆரம்பிக்காதது என் வாழ்நாளில் நான் செய்த புத்தியுள்ள காரியங்களில் ஒன்று. “சரி” என்று மட்டும் சொன்னேன்.

மானேஜர் முந்நூறு வெள்ளி ரூபாயைச் சேர்த்துக் கொடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்து மொத்தக் கடைகளில் தானே போய்க் கேட்டு மாற்றினார். தைப் பிறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது ஒற்றிப் பத்திரம் டீச்சர் கைக்கு வந்தது. தங்கையா நாடார் ஒவ்வொரு ரூபாயையும் கல்லில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார் என்று யோசுவா பிறகு சொன்னார். என் வேலையைப் பற்றி மானேஜர் பேசவே இல்லை. மறுநாள் முதல் புதிதாக வரும் வாடிக்கையாளர்களை என் மேஜைக்கே அனுப்பினார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் லேசானவை அல்ல. யோசுவாவுக்கு இரண்டு வருடம் வேலை கிடைக்கவில்லை. தேங்காய் விலையும் படுத்துவிட்டது. விற்றால் மரமேறும் கூலிக்குத்தான் சரியாக இருக்கும். ஆனால் அவர்கள் விற்பதற்காகத் தோப்பைத் திருப்பவில்லை. மரச்சீனியும் பலாவும் தேங்காயும் அடுப்புக்கு வந்தன. யோசுவா இடைவெளியில் வாழை வைத்தார். டெபாசிட்டிலிருந்து மாதம் பத்து ரூபாய்க்கு மேல் அவர்கள் எடுக்கவில்லை. பிறகு அவருக்கு உள்ளூரில் ஒரு கூரை ஓட்டுக் கம்பெனியில் எழுத்து வேலை அமைந்தது.

பவுன் விலை நான் சொன்னதுபோல் பதினேழில் நிற்கவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது. இருபதைத் தாண்டியபோது ஒருமுறை, “ஆறு பவுன வித்தது வருத்தமா இருக்கா டீச்சரம்மா?” என்று கேட்டேன்.

“அந்த ஆறு பவுன் எங்க போச்சு? தெனமும் அதில ஏறித்தான தேங்கா பறிக்காவ” என்றார்.

மீதியிருந்த ஐந்தில் மூன்றை, மூத்தவள் லில்லி நர்ஸ் படிக்கப் போனபோது விற்றார்கள். அப்போது நல்ல விலை. எனக்கு அதில் என்னமோ சொந்த வீட்டு விசேஷம்போல் சந்தோஷம்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். முப்பதுகளின் கடைசியில் திருவிதாங்கூரில் பெரிய பேங்கு ஒன்று கதவை அடைத்தது. செய்தி வந்த காலையில் எங்கள் வாசலில் கோட்டாற்றுத் தெரு முழுவதும் நிற்பதுபோல் கூட்டம். எல்லோர் கையிலும் பாஸ் புஸ்தகம். நான் அப்போது உதவி மானேஜர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, என்ன செலவுக்கு வேண்டும் என்று கேட்டு, கேட்டதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சிலர் பதில் சொல்லும்போதே அமைதியாகி, கொஞ்சம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர் முழுவதையும் எடுத்தார்கள். பிற்பகல் வரை தாங்குமா என்று எனக்கே தெரியவில்லை.

பத்தரை மணி சுமாருக்கு எஸ்தர் டீச்சர் உள்ளே வந்தார். பக்கத்தில் வெள்ளை உடுப்பில் லில்லி. கருங்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். இவருமா என்று என் மனசு விழுந்தது. ஆனாலும் இவருக்கு முழுவதையும் முதலில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். “எவ்வளவு வேணும் டீச்சரம்மா?” என்று கேட்டேன்.

“எடுக்க வரல அண்ணாச்சி. மகளுக்கு மொதச் சம்பளம். அவ பேரில ஒரு கணக்குத் தொடங்கணும்.”

லில்லி கைக்குட்டையை அவிழ்த்து எட்டு ரூபாயை மேஜையில் வைத்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, “பேங்கு பூட்டப்போவுதுன்னு நாங்க ஓடி வாறோம், நீ கொண்டுபோய்ப் போடுதியே பிள்ளே, உனக்குப் பயம் இல்லியா?” என்று கேட்டார்.

டீச்சர் திரும்பி அவருக்குப் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்துக் குரல், வாசல்வரை கேட்டது.

“பயம் இல்லாம இருக்குமா தாத்தா? ஆனா எல்லாத்தையும் இஞ்ச நான் வைக்கல. தோப்பு தோப்பா இருக்கு, நகை நகையா இருக்கு, கொஞ்சம் இஞ்ச இருக்கு. எல்லாத்தையும் ஒரே எடத்தில வச்சிருந்தா நானும் இன்னைக்கு உங்களுக்க பொறத்தாலதான் நின்னிருப்பேன்.”

கிழவர் கையிலிருந்த பாஸ் புஸ்தகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “எனக்கு ஒரு அம்பது ரூவா மட்டும் தாங்க. மத்தது கிடக்கட்டும்” என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர் நூறு கேட்டார். அதற்குப் பின்னால் நின்ற அம்மாள், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் லில்லியின் பெயரைப் புதுப் பாஸ் புஸ்தகத்தில் எழுதினேன்.